கால் கூடு வைத்த தூளி

விரல் நுனியில் ஏதோ சொரசொரவென்று ஒட்டியது. மாதிரிக்கென்று கொடுத்த தூளியின் கால் கூட்டுக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, மூலையில் தையல் எப்படித் திரும்புகிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்த நாகஜோதி, கையை வெடுக்கென்று உருவி ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினாள். அட்டை. செத்துக் காய்ந்து ரப்பர் துணுக்கு மாதிரி சுருண்டு போன அட்டை. எவனோ ஒருத்தன் காட்டில் நடந்துவிட்டு வந்து செருப்பை மட்டும் கழற்றிப் போட்டுக் காலை உள்ளே நீட்டியிருக்கிறான், அது அவன் கணுக்காலில் குடித்துக் குடித்து வயிறு வீங்கி, தூக்கத்தில் அவன் காலோடு கால் தேய்க்கும்போது நசுங்கியிருக்கிறது, அவனுக்குத் தெரியக்கூடத் தெரிந்திருக்காது. அந்த ரத்தம் இப்போது பழுப்புப் பொடியாக இவள் சுட்டுவிரலில். தூ. நைட்டியில் துடைக்கப் போனாள், நைட்டியிலா என்று நிறுத்தினாள். சுவரில் தேய்க்கப் போனாள், பிள்ளை கை வைக்கிற சுவராச்சே என்று நிறுத்தினாள். கடைசியில் வெட்டி விழுந்து கிடந்த நைலான் துண்டில் துடைத்தால் நைலான் எதையும் வாங்கிக்கொள்கிறதா, தள்ளித் தள்ளி விடுகிறது. இந்தத் துணியே அப்படித்தான். நாலு நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறாள், இன்னும் கைக்குப் பழகவில்லை. ஆட்டுக்குடல் கழுவும்போது கைக்குள் நழுவுமே, அந்த நழுவல். நகம் பட்டால் கீச்சென்று ஒரு சத்தம், பல் கூசி முதுகுத்தண்டு வரைக்கும் இறங்கும். பழைய தூளியில் ஈரத்தோடு மடித்து வைத்த வாடை, அதற்கு அடியில் சாக்ஸ் வாடை, அதை மறைக்க எவனோ அடித்துவிட்ட சென்ட்டு வாடை, அந்தச் சென்ட்டுதான் எல்லாவற்றிலும் மோசம். மணி ஒன்றரை. மூணு மணிக்கு ஜீப் வந்துவிடும்.

மூணு மணிக்கு ஜீப்பில் கேம்ப் நடத்துகிற கௌஷிக் சாரும் தவமுருகனும் வருவார்கள், இவள் தைத்த தூளியை எடுத்துக்கொண்டு நேரே கழுகுப்பாறைக்குப் போவார்கள். பாறை விளிம்பில் இரண்டு மரம் இருக்கிறதாம், நடுவில் கீழே பார்த்தால் வெறும் பஞ்சுமேகம்தானாம், அங்கே கட்டிப் போட்டோ எடுத்து உலகத்துக்கெல்லாம் காட்டுவார்களாம், நம்ம கேம்ப்பில் இப்படித்தான் தூங்கலாம் வாங்க என்று. முதலில் ஏறிப் படுக்கப் போவது தவமுருகன். அவள் புருஷன். "நம்ம தவாதான் டெஸ்ட் பீஸ்" என்று அந்தச் சார் சொன்னபோது தவமுருகன் பரிசு வாங்கினவன் மாதிரி சிரித்தான். ஜீப் ஓட்டுவதும் கேம்ப்புக்கு வருகிறவர்களைக் காட்டுக்குள் கூட்டிப் போய்க் கூட்டி வருவதும் அவன் வேலை, சார் சொன்னால் பாறையில் தொங்குவான், சார் சொன்னால் வாலைக்கூட ஆட்டுவான், வால் இருந்தால். அவன் படுக்கப் போகிற தூளியில், தலைமாட்டுப் பக்கம், தோள் விழுகிற இடத்தை ஒட்டி, ஒரு முழத்துக்கு ஒரு வெட்டு இருக்கிறது. கிழிசல் இல்லை, வெட்டு. அவளே கத்தரிக்கோலால் வெட்டினது. அதை ஒட்டுப் போட்டு மூடியிருக்கிறாள். அது அவளைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாது என்று நினைக்கும்போதே நாக்கின் அடியில் தண்ணீர் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே அந்தத் தண்ணீர்.

எல்லாம் அந்தக் காலில் ஆரம்பித்ததுதான். கால் கூடு என்பது அவள் வைத்த பேர், அவர்கள் ஃபுட் பாக்ஸ் என்கிறார்கள், தவமுருகன் புட்டு பாக்ஸ் என்கிறான். தூளியில் நேராகப் படுத்தால் வாழைக்காய் மாதிரி வளைந்து போவோமாம், அதனால் கோணலாகப் படுக்க வேண்டுமாம், கோணலாகப் படுத்தால் கால் ஓரத்தில் போய் இடிக்கும், அந்த ஓரத்தில் துணியை வெட்டி வாய் திறந்து, ஒரு பை வைத்துத் தைத்துவிட்டால் கால் நிம்மதியாக நீட்டிக்கொள்ளும். இவ்வளவுதான் விஷயம். வாயால் சொன்னால் அவளுக்குப் புரியாதா? ஐந்தாவது வரைக்கும்தான் படித்திருக்கிறாள், ஆனால் ஒரு ஆள் உடம்பைப் பார்த்ததும் மார்பு எவ்வளவு, கை எவ்வளவு என்று டேப் வைக்காமலே சொல்லிவிடுவாள். பொம்பளைங்க உடம்பு. ஆம்பளைக்கு அவள் தைப்பதில்லை. அந்தச் சார் வாயால் சொல்வதோடு விடாமல் வீட்டுக்குள் வந்து, பிள்ளையைக் கிடத்துகிற பாயில் மல்லாக்கப் படுத்து, "இங்க பாருங்க சிஸ்டர், இப்படிக் கோணலா. கால் எங்க வருதோ அங்க மார்க் பண்ணுங்க" என்றான். வெள்ளை வெளேரென்று, வெயில் படாத, புழுங்கின கால். பெருவிரல் மேல் கொத்தாக மயிர். குதிங்காலில் ஒரு பிளாஸ்திரி, ஈரம் பட்டு ஓரம் சுருண்டு, அதற்குள்ளிருந்து அழுக்கு எட்டிப் பார்த்தது. அவள் சாக்பீஸோடு நின்றாள். "தொட்டு மார்க் பண்ணு, நம்ம சார்தானே" என்றான் தவமுருகன். நம்ம சார்தானே. கட்டினவன் வாயில் அது எவ்வளவு சுலபமாக வந்தது. "பயப்படாதீங்க சிஸ்டர், கடிக்காது" என்று சார் விரல்களை ஆட்டிக் காட்டினான், ஐந்து விரலும் தனித்தனியாக, புழு நெளிகிற மாதிரி. அதற்குத் தவமுருகன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தேவைக்கு மேல் ஒரு ஆழாக்குச் சிரிப்பு, அது இன்னும் காதில் பிசுபிசுக்கிறது. குனிந்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைச் சுற்றிக் கோடு இழுத்தாள், புறங்கை ஒரு தரம் பட்டுவிட்டது, ஈரமாக இருந்தது. அவர்கள் போன பிறகு பாயில் குதிங்கால் வேர்வை இரண்டு வட்டமாக இருந்தது. பினாயில் ஊற்றி மூணு தரம் கழுவினாள். பாய் காய்ந்தது, அவள் புறங்கை காயவில்லை.

பெடலில் காலை வைத்தாள். ஓரப்பட்டி இன்னும் இரண்டு சாண் பாக்கி. ஊசி துணியில் இறங்கும்போது டப் டப் என்று சின்னச் சின்ன வெடிப்பு. பருத்தித் துணி என்றால் தையலைப் பிரித்து எடுத்தாலும் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் நூல் கூடிக்கொள்ளும், ஓட்டை மூடிக்கொள்ளும், துணி மன்னித்துவிடும். நைலான் மன்னிக்காது. ஒரு தரம் ஊசி போனால் போனதுதான். ஒட்டு மேல் அவள் மூணு தரம் தைத்திருக்கிறாள். முதல் தரம் சுருங்கிக்கொண்டது, பிரித்தாள். இரண்டாம் தரம் கோணிக்கொண்டது, பிரித்தாள். மூணாம் தரம் நின்றுவிட்டது, பார்க்க அழகாகவும் நின்றுவிட்டது, ஆனால் தையலை ஒட்டி மேலும் கீழும் பொடிப்பொடியாக ஓட்டை வரிசை, பஸ் டிக்கெட்டுக் கட்டில் கிழிப்பதற்கென்று குத்தியிருப்பானே, அது மாதிரி. கிழிப்பதற்கென்று. எதற்கு அதை நினைக்கிறாய், ஓரப்பட்டியைப் பார். எப்படி வெட்டினாள் அப்படி? அதுதான் இன்னும் மனசு ஆறவில்லை. பதினொரு அடித் துணி, வீடு பத்தடி. விரிக்க இடமில்லாமல் இரண்டாக மடித்தாள், தலைமாடும் கால்மாடும் ஒன்று மேல் ஒன்றாக வந்தது. மடித்த துணியைப் பார்த்ததும் கை தன் பாட்டுக்குப் போய்விட்டது. எட்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிற கை. மடி, வரை, கைக்குழி வெட்டு, விரி, இரண்டு பக்கமும் ஒன்று போல வந்திருக்கும். இடது கை வலது கை, ஜோடி ஜோடியாகத்தானே ஜனங்கள் இருக்கிறார்கள். விரித்தாள். கால் பக்கம் ஒரு வாய், தலைப் பக்கம் ஒரு வாய். இரண்டும் அவளைப் பார்த்துத் திறந்துகொண்டு நின்றன. கால் கூட்டுத் துண்டையும் மடித்துத்தான் வெட்டியிருந்தாள், அதிலும் இரண்டு. உடம்பெல்லாம் சில்லென்று ஆகி, அக்குளில் வேர்த்து, அந்த வேர்வை நாற்றம் அவளுக்கே அடித்தது, பயந்த ஆடு ஒரு வாடை விடும், அந்த வாடை. வேறு துணி கிடையாது, கூரியரில் வந்தது அது ஒன்றுதான். உபரியாக வந்த கால் கூட்டுத் துண்டையே எடுத்து அந்த வாய்க்குள் வைத்து அமுக்கினாள். நேற்று ராத்திரி சொல்லியிருக்கலாம். சோற்றைப் போட்டுவிட்டு ஏங்க என்று கூப்பிட்டாள். அவன் போனில், "ஆமா சார், என் வீட்டுக்காரி கை வச்சா கம்பெனிக்காரன் தோத்துருவான் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான், சோறு மென்ற வாயோடு, பருக்கை தெறிக்க. என்ன என்று புருவத்தைத் தூக்கினான். "ம்" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பதில் அது. கல்யாணத்துக்குக் கேட்டபோதும் அதுதான், பாயில் இழுத்தபோதும் அதுதான், சார் காலை அளக்கச் சொன்னபோதும் அதுதான். ம். இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சோறு தின்பதைத் தவிர.

"ஏய் சோதி, என் சட்டைக்குக் கொக்கி வச்சியா இல்லியா?" என்று ராக்கு அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள், பூண்டுக் காட்டு வேலை முடித்து அப்படியே வந்திருக்கிறாள், மேலெல்லாம் பச்சைப் பூண்டு வாடை, அந்த வாடைக்கு இந்தச் சென்ட்டு வாடை ஒதுங்கினதில் ஒரு நிமிஷம் மூச்சு விட முடிந்தது. "இதென்னடி இது, மாட்டுக்குச் சாக்கு தைக்கிறியா?" "தூளிக்கா. கேம்ப்புக்கு." "கேம்ப்புல ஏதுடி பச்சப்புள்ள?" "ஆம்பளைங்க படுக்கக்கா." ராக்கு அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஆத்தே! ஆட்டி விடவும் ஆளு வச்சிருக்காங்களா? சங்குல பாலும் ஊத்துவாங்களோ?" நாகஜோதிக்குச் சிரிப்பு வந்தது, வந்த வழியே போய்விட்டது. "அதென்ன ஒரு ஓரத்துல, பசு மடி மாதிரி தொங்குது?" "அது கால் வைக்கக்கா." "காலுக்குத் தனி வீடா! நாங்க அஞ்சு பேரு ஒரே ரூம்புல கெடக்கோம், அவன் காலுக்குத் தனி ரூம்பு. அது சரி, இங்க என்ன ஒட்டு?" மண் ஏறின கட்டைவிரல் நேரே அங்கேயே போய் நின்றது, ஊரில் எத்தனையோ இடம் இருக்க. "அது டிசைனுக்கா" என்றாள் நாகஜோதி. வாய் கூசாமல் வந்தது. ஒரு வார்த்தை பேச ஒரு நாள் யோசிக்கிறவளுக்குப் பொய் மட்டும் எங்கிருந்து இத்தனை சுளுவாக வருகிறது. "டிசைனா. இருக்கும், இருக்கும். முட்டியைக் கிழிச்சுட்டுப் பேண்ட்டுனு விக்கிறான், ஒட்டுப் போட்டுட்டுத் தூளினு விக்க மாட்டானா. எங்கண்ணுக்கு ஒட்டு ஒட்டுதான்." சட்டையை வாங்கிக்கொண்டு போகிறபோது அக்கா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். "என்னடி ஒரு மாதிரியா இருக்கே? அடுத்ததா?" "ஐயோ இல்லக்கா." அடுத்தது. அதை நினைத்தாலும் குமட்டல்தான்.

போன் அடித்தது. "முடிஞ்சுதா?" "ம்." "சார் ரொம்ப சந்தோஷமா இருக்காரு. மெட்ராஸ்ல இருந்து கேமராக்காரன் வந்துட்டான், நேரா பாறைக்கே போயிட்டான். நான் சட்டை மாத்தணும், அந்த நீலச் சட்டைய எடுத்து வையி. மேகம் மூடுறதுக்குள்ள போகணும், படுத்துக்கிட்டு ரெண்டு கையையும் விரிக்கணுமாம், பறக்குற மாதிரி." "ஏங்க." "என்ன?" இப்போது சொல். தப்பாக வெட்டிவிட்டேன், இரண்டே வார்த்தை. சோற்றில் மயிர் அகப்பட்டால் நாக்கு துழாவுமே, அப்படித் துழாவினாள். "கயிறு... கயிறு நல்லதா?" "அதெல்லாம் ஆயிரம் கிலோ தாங்கும் கயிறு, நீ உன் வேலையப் பாரு" என்று வைத்துவிட்டான். நீ உன் வேலையைப் பார். சரி, பார்த்தாச்சு. விழட்டும். அந்தச் சொல் புளித்த ஏப்பம் மாதிரி தானாக மேலே வந்தது, கூப்பிடாமல், வாயெல்லாம் புளிப்பாக்கிக்கொண்டு. விழட்டும், நீலச் சட்டையோடு, கையை விரித்துக்கொண்டு. அவள் தையலை நிறுத்தினாள். மூலையில் பிள்ளை தியாஸ்ரீ சேலைத் தூளிக்குள் சப்புக் கொட்டிக்கொண்டு தூங்கிற்று. அப்படி ஒன்றை நினைத்துவிட்டுத் தான் திடுக்கிடவில்லை என்பதுதான் அவளுக்குத் திடுக்கென்றது. உள்ளே ஒரு கால் கூடு மாதிரி இடம் இருக்கிறது போலிருக்கிறது, யார் யாரோ காலை நீட்டிவிட்டுப் போன இடம், அதன் மூலையில் இது காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, எத்தனை நாளாகவோ.

இதே மாதிரி ஒரு துணியில் அவளும் படுத்து வந்திருக்கிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று கூட்டிப் போனார்கள், தாய்வீடு இருக்கிற கும்பக்காட்டுக்கு ரோடு கிடையாது, வலி கண்டதும் கம்பளியையும் இரண்டு சேலையையும் மூங்கிலில் முடிந்து டோலி கட்டி நாலு பேர் தூக்கினார்கள். மூக்குக்கு நேரே மூங்கில். ஒரு பக்கம் மலை முதுகு, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. தூக்கினவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தார்கள், வாலிபால் மேட்ச்சில் யார் தோற்றது, எவன் காட்டுப் பலாவைப் பன்றி தின்றது என்று. ஒருத்தன் குசு விட்டான், மற்றவர்கள் சிரித்ததில் டோலி குலுங்கியது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பாதி வழியில் பனிக்குடம் உடைந்தது. கம்பளி நனைந்து பின்னால் வந்த பொன்ராம் அண்ணன் காலில் சொட்டிற்று. "என்னடா, மழையா?" என்றான் அவன். "வெயில் மண்டையப் பொளக்குது, மழையாம்ல" என்றான் முன்னால் போனவன். பிறகு இரண்டு பேருமே புரிந்துகொண்டு, அதற்கப்புறம் ரோடு வரைக்கும் ஒருத்தரும் பேசவில்லை. அந்தப் பேசாமைதான் பொறுக்கவில்லை அவளுக்கு. இன்றைக்கும் பொன்ராம் அண்ணனைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அவன் காலைக் கழுவியிருப்பான், மூணு தரம் கழுவியிருப்பான், தெரியும். ஆனால் அந்த வழி முழுக்க அவள் என்ன பார்த்துக்கொண்டு வந்தாள்? மூங்கிலில் போட்டிருந்த முடிச்சை. வலிக்கு நடுவிலும் அதை விட்டுக் கண் எடுக்கவில்லை. கட்டினவன் யார், வெற்றிலை மென்றுகொண்டே கட்டினானா, யாரையாவது திட்டிக்கொண்டு கட்டினானா, தெரியாது. கேட்க முடியாது. துணிக்குள் கிடக்கிற ஆளுக்குக் கண் மட்டும்தான் இருக்கிறது, வாய் இல்லை.

கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நைலான் ருசி, மெழுகும் மண்ணெண்ணெயும் சேர்ந்த மாதிரி. துப்பினாள். ஒட்டு இருக்கிற இடத்தை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னலுக்கு நேரே இழுத்தாள். ஓட்டைகள் ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்தன. வெளிச்சம் ஊசி ஊசியாக உள்ளே வந்தது. இன்னும் இழுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க அவள் கைக்குப் பலம் இல்லை, ஒரு ஆள் எடைக்கு ஒரு ஆள்தான் வேண்டும். எழுந்தாள். எழுந்த பிறகுதான் தான் எழுந்தது தெரிந்தது. தூளியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மாதிரித் தூளியின் பட்டையையும் கொக்கியையும் எடுத்துக்கொண்டு, வாசலுக்கு வந்தாள். வாசலில் இரண்டு பேரிக்காய் மரம், அதைத் தாண்டினால் ரோடு. பால்காரர் போவார், காரட் லாரி போகும், ஊரே போகும். நைட்டியோடு வாசலில் குனிந்து கூட்டவே வெட்கப்படுகிறவள், மரத்துக்கு மரம் பட்டையைச் சுற்றிக் கொக்கியை மாட்டினாள். தணிவாகக் கட்டினாள், படுத்தால் முதுகுக்கும் தரைக்கும் ஒரு சாண் இருக்கிற மாதிரி. துண்டை மாரில் இழுத்து விட்டுக்கொண்டு ஏறிப் படுத்தாள். கோணலாக. தலை இந்த ஓரம், கால் அந்த ஓரம். கால் தானாகப் போய்க் கூட்டுக்குள் நுழைந்தது. முட்டி நிமிர்ந்தது. இடுப்பு நிமிர்ந்தது. அடப் பாவிகளா, இவ்வளவு சுகமா. பிள்ளை பிறந்த பிறகு முதுகு இப்படி நேராகி ஒரு நாளும் கிடந்ததில்லை, ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் அவன், நடுவில் பக்கவாட்டில் செருகின கத்தி மாதிரிதான் தூக்கம். கொள்ளைச் சுகமாக இருந்தது, அந்தச் சுகத்தையும் அவளால் பொறுக்க முடியவில்லை, எவனெவன் காலுக்கோ தைத்த சுகம். தோளுக்குப் பக்கத்தில் டிக் என்றது. நின்றது. டிக். அவள் எடைக்கு ஒவ்வொரு ஓட்டையாகப் பக்கத்து ஓட்டையோடு போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. ஆனால் பிய்யவில்லை. ஐம்பத்திரண்டு கிலோவுக்குப் பிய்யாது போலிருக்கிறது. தாங்கும், கொடுத்துவிடு என்றது ஒரு மனம். உன்னைத் தாங்கும், அவனைத் தாங்குமா என்றது இன்னொன்று. தவமுருகன் அவளைப் போல ஒன்றரைப் பங்கு. ஜீப் திருப்பத்தில் ஹார்ன் அடித்தது.

இறங்கி ஓடத்தான் கால் துடித்தது. கூட்டுக்குள் இரண்டு காலையும் ஒன்று மேல் ஒன்றாக அழுத்தி வைத்துக்கொண்டாள். "ஏய், எந்திரி! எந்திரி, சார் வந்திருக்காரு!" என்று தவமுருகன் ஜீப் நிற்பதற்குள் குதித்து ஓடி வந்தான், முகமெல்லாம் பதறி, கூடவே இளித்துக்கொண்டு. "இருக்கட்டும் தவா, இருக்கட்டும்! செம சிஸ்டர்! அப்படியே இருங்க" என்று கௌஷிக் சார் போனைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தான். அவள் உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்தாள். தப்பாக வெட்டிவிட்டேன் என்று வரவில்லை. வந்தது வேறு. "நீங்களும் வாங்க" என்றாள் புருஷனைப் பார்த்து. "வந்து உட்காருங்க." கல்யாணமாகி மூணு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் அவனை வா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தரம். தவமுருகன் நின்றுவிட்டான். காது நுனி சிவந்தது. "அடி, என்ன இது..." என்று சாரைப் பார்த்தான். "போங்க தவா, கப்பிள் போட்டோ! கூப்பிடறாங்க இல்ல!" தவமுருகன் செருப்பைக் கழற்றிவிட்டு, தலைமாட்டுப் பக்கமாக வந்து, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி ஓரமாக உட்கார்ந்தான். அவ்வளவுதான். படபடபடவென்று, பட்டாசுச் சரத்தின் வாலில் நெருப்பு வைத்த மாதிரி, ஒட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிற்று. இரண்டு பேரும் ஒரு சாண் கீழே போய் மண்ணில் பொத்தென்று விழுந்தார்கள், அவன் முழங்கை அவள் விலாவில் இடித்தது. உள்ளே பிள்ளை வீரிட்டது.

"அடி பட்டுச்சா சிஸ்டர்?" என்றான் சார், போன் இன்னும் கையில் தூக்கினபடியே. அவள் எழுந்து உட்கார்ந்தாள். மண்ணைத் தட்டவில்லை. அவன் முகத்தை நேரே பார்த்து, ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "மடிச்சு வெட்டிட்டேன் சார். தலைப்பக்கமும் வாய் வந்துருச்சு. மறைச்சுத் தச்சுட்டேன்" என்றாள். சொன்ன பிறகு வாய் லேசாக இருந்தது, அழுகின பல்லைப் பிடுங்கினால் அந்த இடம் காலியாக இருக்குமே, அப்படி. "ஐயோ, இது பாறையில..." என்று சார் ஆரம்பித்து, முடிக்காமல், போனை மெதுவாகக் கீழே இறக்கினான். தவமுருகன் அடிப்பான் என்று நினைத்தாள், அடிக்கட்டும். அவன் குந்தி உட்கார்ந்து, பிய்ந்த துணியைத் தூக்கி, அந்த வாய்க்குள் கையை விட்டான். கை அந்தப் பக்கம் வந்தது. தன் கையைத்தானே யாருடையதோ மாதிரி பார்த்தான். விரலை விரித்தான், மூடினான். பிறகு எழுந்து நாலு எட்டு நடந்து, பேரிக்காய் மரத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து வாந்தி எடுத்தான். மத்தியானம் தின்றது அவ்வளவும் வந்தது, அதற்குப் பிறகும் வந்தது, வெறும் மஞ்சள் தண்ணீராக, முதுகைத் தூக்கித் தூக்கிப் போட்டு. சார் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜீப் பக்கம் நகர்ந்தான். நாகஜோதி உள்ளே போய்ப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மறு கையில் சொம்பில் தண்ணீரோடு வந்தாள். அவன் சட்டை நுனியிலும் கால் விரல்களிலும் தெறித்துக் கிடந்தது. கிட்டப் போய் நின்று, குனிந்து, அவன் பாதத்தில் தண்ணீரை ஊற்றி, சொம்பைத் தரையில் வைத்துவிட்டுக் கையாலேயே தேய்த்துக் கழுவினாள், விரல் இடுக்கு வரைக்கும்.

"என்ன தின்னீங்க மத்தியானம்?" என்றாள்.

அவன் சொம்புக்குக் கையை நீட்டினான்.